வேலைக்கு வந்த விருந்தாளி

"நைனா, ஏசப்பாவுக்கு நெட் தீந்து பூட்ச்சின்னா நம்ம ஜெபம் யாருக்குப் போவும்?"

மெர்சி இதைக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. ஆரம்பாக்கத்து வீட்டில் சாயங்கால ஜெபத்துக்கு மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் அப்பா எபினேசர் அந்தக் காலத்தில் வேதம் வாசித்ததெல்லாம் போனில்தான். சங்கீதத்தின் நடுவில் நெட் தீர்ந்து, திரையில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. அவர் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி கிரேஸ் மூடிய கண்ணைத் திறக்காமல், "ஆமென் சொல்லிடலாமா, இல்ல ரீசார்ஜ் பண்ணிக்கினு வரியா?" என்றாள். அப்போதுதான் குழந்தை கேட்டது.

கிரேஸ் சிரித்துவிட்டாள். எபினேசருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வசனங்களுக்கு நடுவே, மாடு முட்டி ஒரு ஆள் சேற்றில் விழும் வீடியோவை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கும்மிடிப்பூண்டி பஜாருக்குப் போய் அந்தப் போனைக் கொடுத்துவிட்டு, பட்டன் போன் ஒன்று வாங்கி வந்தார். சபதம் எதுவும் செய்யவில்லை. யாருக்கும் புத்தி சொல்லவும் இல்லை. கேட்டவர்களிடம், "வேணா, அவ்ளோதான்" என்றார்.

இது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. இதனால் ஊரில் யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை, கம்பெனிக்கு 'நம்ம குடும்பம்' வரும்வரை.

கம்பெனி என்பது கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் இருக்கும் ஒரு ரோலிங் மில். இரும்புக் கட்டையைப் பர்னஸ் என்னும் உலையில் பழுக்கக் காய்ச்சி, உருட்டி, கம்பியாக்குவார்கள். எபினேசர் அங்கே பத்தொன்பது வருஷமாகப் பர்னஸ் ஆபரேட்டர். 'நம்ம குடும்பம்' என்பது தொழிலாளிகளுக்காகக் கம்பெனி செய்த செயலி. காலையில் அதைத் திறந்தால், "இன்று மகிழ்ச்சியாக இருக்கிறீர்களா?" என்று கேட்கும். 'ஆம்' என்று அழுத்தினால் பச்சைக் கட்டம் வரும். 'இல்லை' என்று அழுத்தினால் அதே கேள்வியை மறுபடியும் கேட்கும்.

ஒரு திங்கட்கிழமை முதல் பச்சைக் கட்டம் காட்டினால்தான் கேட் திறக்கும் என்று ஆயிற்று.

"காட்டுண்ணா" என்றார் கேட்டில் இருந்த செக்யூரிட்டி முனுசாமி.

"இன்னாத்த?"

"பச்சைக் கட்டம்."

எபினேசர் தன் பட்டன் போனைக் காட்டினார். முனுசாமி அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்தார்.

"இதுல பாம்பு ஓடுமா?"

"ஓடும்."

"பச்சை வராது?"

"வராது."

முனுசாமி நல்ல மனிதர். பர்னஸை ஆளில்லாமல் விடக்கூடாது என்று அவருக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்துவிட்டு, விருந்தினர் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார். பெயர்: எபினேசர். யாரைப் பார்க்க: பர்னஸை. வந்த காரணம்: வேலை செய்ய. சீட்டைக் கிழித்துக் கொடுத்து, "இன்னிக்கி மட்டும்ணா" என்றார்.

விருந்தினருக்கென்று கம்பெனியில் விதிகள் உண்டு. மஞ்சள் ஹெல்மெட் போட வேண்டும். ஏழு நிமிஷப் பாதுகாப்புப் படம் பார்க்க வேண்டும். போன வருஷம் எடுத்த அந்தப் படத்தில், கையுறையை எப்படி மாட்டுவது என்று காட்டிக்கொடுப்பவர் எபினேசர்தான். எனவே எபினேசர் காலை ஆறு மணிக்கு நாற்காலியில் உட்கார்ந்து, எபினேசர் கையுறை மாட்டுவதைப் பார்த்தார். படம் முடிந்ததும், புரிந்தது என்று கையெழுத்துப் போட்டார்.

அதன்பின் துணைக்கு ஒருவர் வந்து விருந்தினரைக் கூட்டிப்போக வேண்டும். வந்தவர் அவருடைய உதவியாளர் ஸ்டீவன். விருந்தினர் இயந்திரத்தைத் தொடக்கூடாது, மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்கலாம். எபினேசர் கோட்டின் மேல் நின்று, "அந்த வால்வ கொஞ்சம் மூடு... இன்னும்... போதும்" என்று சொல்ல, ஸ்டீவன் செய்தார். கம்பி எப்போதும் போல வந்தது. போகும்போது ஒரு படிவம் நீட்டினார்கள். 'எங்கள் ஆலை உங்களுக்குப் பிடித்திருந்ததா? மீண்டும் வருவீர்களா?'

எபினேசர் பொய் சொல்லாதவர். 'நாளை காலை ஆறு மணிக்கு வருவேன்' என்று எழுதினார்.

மறுநாளும் அதே சீட்டு, அதே படம். மூன்றாம் நாள் பர்னஸ் முன்னால் அவர் பக்கத்திலேயே நின்றபடி ஸ்டீவன் கேட்டார்: "அண்ணா, நீ மூணு நாளா வேலைக்கே வரலியாமே. ஒடம்பு கிடம்பு சரியில்லியா?"

"இன்னாடா சொல்ற?"

"குரூப்புல போட்டுக்கீறாங்க. 'குடும்பம் உங்களைத் தேடுகிறது'ன்னு உன் போட்டோ. பத்து நாள் வரலன்னா நீயா வேலைய உட்டு நின்னுட்டன்னு அர்த்தமாம். பத்தாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு சிஸ்டமே பேர எடுத்துடுமாம்."

எபினேசர் மஞ்சள் ஹெல்மெட்டைக் கழற்றித் தலையைத் துடைத்தார். வயது நாற்பத்தாறு. சிப்காட்டில் எந்த மில்லும் இந்த வயதுக்காரனைப் புதிதாக எடுக்காது. கிரேஸுக்கு வீட்டு வேலை தவிர வேறு வரும்படி இல்லை. மெர்சி ஏழாவது படிக்கிறாள். பத்து நாளில் மூன்று போய்விட்டது.

அன்று பகல் அலுவலகத்துக்குப் போனார். மனிதவள மேலாளர் ஜோதிலட்சுமி எழுந்து நின்று வரவேற்றார். பக்கத்தில் டிஜிட்டல் அதிகாரி பரத் இருந்தான். இருபத்தாறு வயசுப் பையன், காக்களூரிலிருந்து பைக்கில் வருபவன், மரியாதை தெரிந்தவன். எல்லோரும் நல்லவர்கள்தான். அதுதான் இதில் கஷ்டம்.

"உக்காருங்க சார். தண்ணி குடிங்க. மூணு நாளா உங்களக் காணோமேன்னு நாங்க எவ்ளோ கவலைப்பட்டோம் தெரியுமா?" என்றார் ஜோதிலட்சுமி.

"நான் தெனமும் வந்துக்கினுதான் கீறேன் மேடம்."

"அப்படி நீங்க சொல்றீங்க. கம்பெனி உங்கள முழுசா நம்புது சார். ஆனா நம்பறதுக்கு ஒரு ஆதாரம் வேணும் இல்லியா?"

எபினேசர் மூன்று விருந்தினர் சீட்டுகளையும் மேசைமேல் வைத்தார். ஜோதிலட்சுமி அவற்றைப் பார்த்து வருத்தத்தோடு தலையை ஆட்டினார்.

"இதுதான் சார் பிரச்சினையே. தொழிலாளிக்கு விருந்தினர் சீட்டு குடுக்க மாட்டோம். குடுத்திருக்கோம்னா நீங்க தொழிலாளி இல்லன்னு ஆவுது. இத நான் பாத்ததா வச்சிக்கிட்டா உங்களுக்குத்தான் கெடுதல்." சீட்டுகளை அன்போடு அவர் பக்கம் திருப்பித் தள்ளினார்.

எபினேசர் பரத்தைப் பார்த்தார். "சார், நீங்க சொல்லுங்க. எதிர்ல நிக்கறனா இல்லியா?"

பரத்துக்குக் கூச்சமாகிவிட்டது. "நிக்கறீங்கண்ணே. ஆனா அது என்னோட தனிப்பட்ட கருத்து."

"போன் வாங்கறதும் வாங்காததும் உங்க சுதந்திரம்" என்றார் ஜோதிலட்சுமி. "அதுல கம்பெனி தலையிடவே தலையிடாது. அந்தச் சுதந்திரத்த நீங்க கேட்டுக்கு வெளிய எவ்வளவு வேணா அனுபவிக்கலாம். விளக்கம் எதுவா இருந்தாலும் செயலியிலயே எழுதுங்க. பேப்பர் நாங்க வாங்கறதில்ல. மரத்த காப்பாத்தறோம்."

வீட்டில் கிரேஸ் தன் போனை எடுத்து அவர் முன் வைத்தாள். "இத எடுத்துக்கினு போ. இன்னா கொறஞ்சிடும்?"

"போன் பெரிசில்ல கிரேஸு. தெனமும் வந்தவன வரலன்றாங்க. நான் இத எடுத்துக்கினு போனா, இத்தினி நாளு வரலன்னு நானே ஒத்துக்கினா மாதிரி ஆவும்."

"நீ ஒத்துக்கினாலும் ஒத்துக்காட்டியும் நமக்குச் சோறு வோணும்யா."

அவள் சொன்னதிலும் தப்பில்லை. அன்று ஜெபத்தில் இருவரும் வாய்விட்டு எதையும் கேட்கவில்லை.

ஆறாம் நாள் ஸ்டீவன் ஒரு வழி சொன்னார். அதைச் சொல்வதற்கு முன் மில்லின் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பர்னஸ் சூட்டில் போன் நிற்காது. பாட்டரி உப்பிக்கொள்ளும். அதனால் ஷிப்ட் தொடங்கும்போதே எல்லோரும் போனைக் கேட்டுக்கு உட்புறம் இருக்கும் டீக்கொட்டகையில், கங்கம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். கங்கம்மா அத்தனையையும் ஒரு பெரிய துணிப்பையில் போட்டு, டீத்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைப்பார். எண்பத்தேழு போன். போன் இருக்கும் இடத்தை வைத்து ஆள் வந்ததைக் குறிக்கும் செயலி வந்த பிறகும் வழக்கம் மாறவில்லை. அலுவலகத்துக்கு மட்டும் இது தெரியாது. அவர்கள் பர்னஸ் பக்கம் வந்ததில்லை.

"என் பழைய போன்ல உன் மூஞ்ச ஏத்திடறேன்" என்றார் ஸ்டீவன். "ஊட்லயே இரு, வேணாம்னா வா, அது உன் இஷ்டம். கங்கம்மா பையில கெடந்தா போதும். பரத் சாருக்கு நீ வந்த மாதிரி. ஆர்.கே.பேட்டையில மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போனவனெல்லாம் பையிலயே டூட்டி பாத்துக்கினு கீறான்ணா!"

கங்கம்மாவும் ஆற்றிக்கொண்டிருந்த டீயை நிறுத்திவிட்டு, "குட்துடு நைனா. எம்பத்தேழோட எம்பத்தெட்டு. பையி இன்னா சொமக்கமாட்டேன்னா சொல்லுது?" என்றார்.

இருவரின் அன்பும் எபினேசருக்குப் புரிந்தது. ஆனாலும், "வேணாம்மா. நான் இருக்கறேன்றத நான்தான் சொல்லணும். பையி சொல்லக்கூடாது" என்றார்.

எட்டாம் நாள் பொது மேலாளர் தொழிலாளிகள் கூட்டத்தில் பேசினார். செயலி போட்டுக் கொடுத்த வரைபடத்தைப் பெரிய திரையில் காட்டினார். அதில் மில் முழுக்க வெளிறிக்கிடக்க, ஒரே ஒரு இடம் செக்கச்செவேலென்று எரிந்தது. "பாருங்கள்! நம் தொழிலாளர்கள் நாள் முழுவதும், ஒரு நிமிடம்கூடப் பிரியாமல், தோளோடு தோள் உரசி நிற்கும் இடம். இவ்வளவு நெருக்கத்தை எந்தக் கம்பெனியிலும் காட்ட முடியாது. உற்பத்தியே இங்கிருந்துதான் வருகிறது என்று தரவு சொல்கிறது." அது டீக்கொட்டகை. அதற்கு 'ஒற்றுமைச் சதுக்கம்' என்று பெயர் வைத்துப் பலகையும் மாட்டினார்கள். கங்கம்மாவின் ஆணி அதற்குப் போய்விட்டது. பையை அன்று முதல் தோளிலேயே மாட்டிக்கொண்டார்.

அதே கூட்டத்தில், எட்டு நாளாகக் காணாமல் போன எபினேசருக்காக ஒரு நிமிஷம் எல்லோரும் யோசிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். எபினேசரும் மஞ்சள் ஹெல்மெட்டோடு பின்வரிசையில் நின்று யோசித்தார்.

பத்தாம் நாள் வந்தது. சாயங்காலம் ஆறு மணிக்குப் பெயர் போய்விடும். அன்று பகல் மூன்று மணிக்குப் பாதுகாப்பு ஒத்திகை. வெளியிலிருந்து தணிக்கையாளர்கள் வந்திருந்தார்கள். சங்கு ஊதியதும் எல்லோரும் வேலையை விட்டு வெளியேறிக் கேட்டருகே கூட வேண்டும். எத்தனை பேர் பத்திரமாக வந்தார்கள் என்பதைச் செயலி எண்ணித் திரையில் காட்டும். தலையை எண்ணுகிற பழைய முறையை நிறுத்தியாயிற்று. பேச்சு காதில் விழ வேண்டுமென்று இரண்டு மணியிலிருந்தே பர்னஸ் பக்கத்துக் காற்றை வெளியே தள்ளும் புளோயர்களையும் நிறுத்தியிருந்தார்கள்.

புளோயர் நின்றதும் எபினேசர் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். பர்னஸுக்குப் பின்னால் நிலக்கரி கேஸ் வரும் குழாய் ஓடுகிறது. காற்று நின்றால் அந்தச் சந்தில் கேஸ் தேங்கும். வாசனை வராது, கண் எரியாது. தலை லேசாகச் சுற்றும், உட்காரலாம் என்று தோன்றும், உட்கார்ந்தவன் எழுந்திருக்கமாட்டான். புளோயரைப் போடும்படி அலுவலகத்தில் சொல்ல ஸ்டீவனை அனுப்பினார். "ஒரு மணி நேரம்தானே" என்று பதில் வந்தது.

மூன்று மணிக்குச் சங்கு ஊதியது. கேட்டுக்கு மிக அருகில் இருந்தது கங்கம்மா. தோளில் பையோடு நாலே எட்டில் கூடும் இடத்துக்கு வந்து நின்றார். திரையில் எண் ஓடியது. இருபது, நாற்பது, எண்பத்தேழு. பதினோரு விநாடி. எண்பத்தேழு தொழிலாளிகளும் பத்திரம் என்று பச்சை விழுந்தது; அலுவலகத்தார் பெயர்கள் முன்பே பச்சை. பொது மேலாளர் கைதட்டினார், தணிக்கையாளர்களும் தட்டினார்கள். சங்கை நிறுத்தினார்கள். தொழிலாளிகள் அப்போதுதான் ஷெட்டை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தார்கள்.

விருந்தினருக்கென்று போட்ட மஞ்சள் வட்டத்தில் எபினேசர் ஒருவர் மட்டும் நின்றார். நின்றவர் பழக்கத்தில் தலைகளை எண்ணினார். தொழிலாளிகள் எல்லோரும் வந்துவிட்டார்கள். அலுவலகத்தில் ஒருவர் குறைந்தது. சங்குக்குக் கொஞ்சம் முன்னால் பரத், ஒட்டுவதற்கான பச்சை அம்பு ஸ்டிக்கர் கட்டோடு பர்னஸ் பின்சந்துப் பக்கம் போனதை அவர் பார்த்திருந்தார். கூப்பிட்ட குரலைச் சங்கு அமுக்கிவிட்டது.

"மேடம், பரத் சார் உள்ள கீறாரு."

ஜோதிலட்சுமி திரையைப் பார்த்தார். பரத்தின் போன் மேடையில்தான் இருந்தது. திரையே அதிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. "பரத் பத்திரம் சார். பாருங்க, பச்சை."

"பச்சையா இருக்கலாம் மேடம். ஆளு இங்க இல்லியே."

"நூறு சதவீதம் வந்தாச்சு. இப்ப ஒருத்தர் உள்ள இருக்காருன்னா நூத்தியொரு சதவீதம் ஆயிடும். அது எப்படி? விருந்தினர் வட்டத்த விட்டு வரக்கூடாது சார், தணிக்கையாளர் பாக்கறாங்க."

எபினேசர் ஓடினார். யாரும் தடுக்கவில்லை. எல்லோரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் பெரிய ஷட்டரைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார். புளோயர் சுவிட்சைப் போட்டார். பெல்ட் சத்தத்தோடு சுழலத் தொடங்கியது. உள்ளே ஓடத்தான் கால் துடித்தது. ஆனால் இப்போது ஓடினால் இரண்டு பேராக விழ வேண்டும் என்று பத்தொன்பது வருஷம் சொன்னது. சுவரைப் பிடித்துக்கொண்டு, "ஆண்டவரே, ஆண்டவரே" என்று எண்ணினார். முப்பதுக்குமேல் பொறுக்க முடியவில்லை. மூச்சை இழுத்து அடக்கிக்கொண்டு சந்துக்குள் புகுந்தார்.

பரத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கையில் பாதி உரித்த ஸ்டிக்கர். முகம் வழக்கத்தைவிடச் சிவந்திருந்தது. தோளுக்கடியில் கைகொடுத்து, பின்பக்கமாகவே நடந்து, அவனை இழுத்தார். மார்பு வெடித்துவிடும்போல இருந்தது. ஒரு செருப்பு அங்கேயே கழன்றது. பின்கதவைத் தாண்டி, பழைய இரும்பு குவித்திருக்கும் இடத்தில் இருவரும் விழுந்தார்கள்.

"தம்பி! கண்ணத் தொற. மூச்சு உடு. ஆங், அப்படித்தான்."

பரத் இருமினான், வாந்தி எடுத்தான், கண்ணைத் திறந்தான். மைக்கில் பொது மேலாளரின் குரல் அங்கேவரை கேட்டது. "ஒருவர்கூட உள்ளே இல்லை! இதுதான் தொழில்நுட்பத்தின் கருணை!" கைதட்டல் எழுந்தது.

முதலுதவி அறையில் நர்ஸ் இல்லை. அவரும் கைதட்டப் போயிருந்தார். எபினேசரே ஆக்சிஜன் முகமூடியை எடுத்துப் பையன் முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டார். இருமல் அடங்க ஒரு மணி நேரத்துக்குமேல் ஆயிற்று; பரத் முகமூடியை விலக்கினான்.

"யாராவது பாத்தாங்களாண்ணே?"

"யாரும் பாக்கல. நீ ஜிஎச்சுக்குப் போயி டாக்டராண்ட காட்டு. கேஸ் உள்ள எறங்கிக்கும்."

"நீங்களும் உள்ள வந்த மாதிரி ரெக்கார்டு இல்ல. நானும் உள்ள இருந்த மாதிரி இல்ல." சொல்லிவிட்டு அவன் அழுதான். பிறகு, "உங்களுக்கு நான் என்னண்ணே செய்யட்டும்?" என்றான்.

சுவர்க்கடிகாரத்தில் மணி நாலரை. ஆறுக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. எபினேசர் அதைப் பார்த்தார். எதையாவது கேட்டால், கொடுத்த மூச்சுக்கு விலை சொன்னதுபோல ஆகிவிடும் என்று அவருக்குத் தோன்றியது.

"ஒண்ணும் வேணா. மொதல்ல டாக்டரப் பாரு. அந்தச் சந்துக்கு மட்டும் தனியா போவாத."

ஐந்தரைக்கு ஷிப்ட் முடிந்தது. அலுவலகத்துக்குக் கீழே இருக்கும் கூடத்தில் சாதனைக்காகக் கேக் வெட்டினார்கள். விருந்தினருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். எபினேசர் அதை மெர்சிக்காகத் தாளில் சுற்றிக்கொண்டு ரயிலேறினார். ஏளாவூர் தாண்டும்போது ஆறு அடித்தது. ரயிலில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை கிரேஸ் ஒன்றும் கேட்காமல் சாப்பாடு கட்டிக் கொடுத்தாள். அவரும் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டார். பெயர் போய்விட்டதென்றால் அதையும் நேரில் போய்த்தான் கேட்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

கேட்டில் முனுசாமி டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, உன் பேரு போவலண்ணா. இன்னாவோ ஆயிக்கீது, நீயே பாரு."

விடுப்புக்கு என்று செயலி ஒத்துக்கொள்ளும் காரணங்கள் பதினான்கு. காய்ச்சல், திருமணம், நெருங்கிய உறவினர் மரணம், தூரத்து உறவினர் மரணம் என்று பட்டியல் போகும். இப்போது அதன் அடியில் பதினைந்தாவதாக ஒன்று சேர்ந்திருந்தது. எபினேசர் பெயருக்கு நேரே பத்து நாளும் விடுப்பு, பத்தும் ஏற்கப்பட்டது. காரணம் என்ற இடத்தில் பத்து முறையும் அந்தப் பதினைந்தாவது:

'வந்திருந்தார்.'

"வந்ததுக்கு லீவு குட்த்துக்கீறாங்க!" என்றார் முனுசாமி. "அதுவும் சம்பளத்தோட!"

ஜோதிலட்சுமியைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவர் இரண்டு முறை படித்தார். "சிஸ்டம் ஏத்துக்கிட்டா நாம கேக்க ஒண்ணுமில்ல. இன்னிக்கும் இந்தக் காரணத்தையே போட்டு உள்ள அனுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் முகத்தில் உண்மையான நிம்மதி இருந்தது. அன்று முதல் எபினேசர் நாள் தவறாமல் விடுப்பில் இருக்கிறார், வந்திருப்பதால்.

"யாரு போட்டதுன்னு கீதா?" என்று எபினேசர் முனுசாமியிடம் கேட்டார்.

"பேரு இல்லண்ணா. டைம் மட்டும் கீது. நேத்து சாயங்காலம் அஞ்சு அம்பத்தொண்ணு. ரெண்டு நிமிசம் கழிச்சி இன்னொரு உத்தரவும் வந்துக்கீது. எந்த விழாவுக்கும் புளோயர நிறுத்தக்கூடாதாம்."

ஐந்து ஐம்பத்தொன்று. எல்லோரும் கீழே கேக் தின்றுகொண்டிருந்த நேரம். டாக்டரிடம் போகச் சொன்ன பிள்ளை போகும் வழியில் மாடியில் இருக்கும் அலுவலகத்துக்கு ஏறியிருக்கிறான். தலைவலியோடு, ஆளில்லாத அந்த அறையில் உட்கார்ந்து, இல்லாத ஒரு காரணத்தைப் புதிதாக உண்டாக்கி, பத்து முறை அடித்திருக்கிறான்.